மூன்றாம் மதில்

படைகள் புகுந்த கோயிலில் புனிதம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி 18ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் எழுந்தது. கடல் கடந்த அண்டை நாடுகளான இங்கிலாந்தும் பிரான்சும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பகை, ஆற்காட்டு நவாப் பதவிச் சண்டையோடு கலந்து காவிரிக்கரைக்கு வந்தது. திருச்சிக் கோட்டையில் ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி. எதிரே பிரெஞ்சுத் துணையோடு சந்தா சாகிப். 1752இல் ஜாக் லாவின் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பின் ஆட்களும் ஸ்ரீரங்கத் தீவுக்குள் ஒதுங்கி, திருவானைக்காவையும் அரங்கன் கோயிலையும் அரணாக்கிக்கொண்டார்கள். அது பெரும்பிழை.

ஜூனில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொல்லப்பட்டார். கோயிலுக்குள் இருந்த சுமார் ஆயிரம் ராஜபுத்திர வீரர்களோ, மூன்றாம் மதிலைத் தாண்டி வருபவரை வெட்டுவோம் என்று வென்றவர்களிடமே சொன்னார்கள். ஆங்கிலேயர் அதை மதித்து நடப்பதாக வாக்களித்தனர் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். தோற்ற பின்பும் அந்த ராஜபுத்திரர்கள் காத்தது கருவறையை.

உலகைக் காப்பவனுக்கு மனிதக் காவல் எதற்கு? வைணவத்தின் விடை அர்ச்சாவதாரக் கொள்கையில் இருக்கிறது. விக்கிரகமாக எழுந்தருளும் இறைவன், குளிப்பதற்கும் உண்பதற்கும் அடியாரையே எதிர்பார்க்கும்படி தன்னை ஒப்படைக்கிறான். காவலும் அந்தக் கைங்கரியத்தில் சேரும். 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் உற்சவ மூர்த்தியான நம்பெருமாளை வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் முதலானோர் சுமந்து வெளியேறியதும் இதே உறவினால்தான். நம்பெருமாள் 1371இல் ஸ்ரீரங்கம் திரும்பினார்.

பிரெஞ்சுப் படையோ, லா சரணடைந்த மறு ஆண்டே, 1753இல், மீண்டும் அதே தீவில் முகாமிட்டது.