இரண்டு லயங்கள்

பதுளை, பசறை, ஹாலி-எல மலைகளில் லயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: தேயிலைத் தோட்டத் துரைமார் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிவைத்த பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒன்று, சங்கீத சாஸ்திரம் காலப்பிரமாணத்துக்கு வைத்த பெயர் மற்றொன்று. முதல் லயத்தில் பிறந்த இளைஞன் கணினியில் தாளக் கட்டங்களை அடுக்கி இரண்டாவதைத் தேடும் இக்காலத்தில், கைபடாத தாளத்துக்குத் தெய்வம் இறங்கிவருமா என்ற வினா எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

மாசி மாதத்துக் காமன் கூத்தில், பனியில் தளர்ந்த தப்பின் தோலைச் சருகுத் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, போதாதென்று மீண்டும் காட்டுகிற கிழவர், வீரபத்திர வேடம் பூண்டவனுக்கு ஆவேசம் ஏறும் தறுவாயில் அவன் பாதத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. பாதம் தயங்கினால் அடியும் தயங்கும், பாதம் துள்ளினால் அடி முந்திக்கொண்டு துள்ளும்.

கணினித் தாளத்தின் கதை வேறு. 1969இல் அமெரிக்காவின் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு பதிவுசெய்த 'ஆமென், பிரதர்' பாடலில் கிரெகரி கோல்மன் தனித்து வாசித்த ஏறக்குறைய ஏழு விநாடித் தாளம், பிற்காலத்தில் வெட்டியும் மாற்றி ஒட்டியும் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. அதற்கென ஒரு காசும் காணாமலே கோல்மன் 2006இல் இறந்தார். கணினிக் கட்டத்தில் பிசகாது விழும் அடி செத்த அடியாக ஒலிப்பதால், இப்படித் தாளம் அடுக்குவதில் கைதேர்ந்தவர்கள் சில அடிகளை வேண்டுமென்றே இம்மி பிந்தவும் சிலவற்றை மெலியவும் செய்கிறார்கள். பிழையைக்கூட அளந்து ஊட்ட வேண்டியிருக்கிறது! ஆயினும் அந்தப் பிழை எவர் பாதத்தையும் பார்த்து விளைந்ததன்று.

ஆகவே கை புனிதம், யந்திரம் ஜடம் என்று தீர்ப்பெழுதிவிடலாமா? அதே தப்புத்தான், அதே கைதான், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு, ஆள் கூப்பிடவும் அடித்தது. காய்ச்சலில் சுருண்டு கிடந்தவளுக்காக அந்த அடி ஒரு கணமும் தயங்கியதில்லை. யந்திரம் தோட்டத்துக்கு வருமுன்பே யந்திரத் தாளம் வந்துவிட்டதென்றே நான் சொல்வேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கிழவரின் பேரன் தப்பைத் தொட மறுக்கிறான். சாமியை வரவழைத்த கையை, சாமி வந்தபின்பும் கோயில் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்த வழக்கம் அவனுக்குத் தெரியும். தாத்தாவின் அடியைப் பதிவுசெய்து, துண்டாக்கி, கணினியில் அடுக்கி வைத்திருக்கிறான்; அதைக் கேட்டு ஆடுகிறவர்கள் எவரும் அவன் சாதியை விசாரிப்பதில்லை. வாசலுக்கு உள்ளே நின்று சைவ சித்தாந்தம் படித்த நான், ஆடுகிறவன் பாதத்தைப் பார்த்து அடியப்பா என்று அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?