திரும்ப முடியாத புள்ளி

கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்குச் சுமார் 2,100 கடல் மைல். நடுவில் இறங்க ஒரு தீவுகூடக் கிடையாது. இந்தத் தூரத்தை ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனி ஆளாகக் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது தொழில். விற்ற விமானத்தை வாங்கியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிலருக்கு வெறும் ஆசை. பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டு, அங்கே கூடுதல் எரிபொருள் டேங்க் பொருத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எதற்கு இந்த வேலை என்று கேட்டால், "என் உயிர், என் இஷ்டம், உனக்கென்ன?" என்று ஒருவர் சொல்லலாம். இந்தப் பதில் சரிதானா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். விமானம் மணிக்கு 150 கடல் மைல் போகும், எதிர்க்காற்று 20 என்று வைத்துக்கொள்வோம். போகும்போது வேகம் 130. திரும்பினால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், வேகம் 170. அவசரத்துக்கென்று கொஞ்சம் ஒதுக்கிய பிறகு 18 மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது. அப்படியானால் சுமார் 1,325 கடல் மைல் வரை போய்விட்டும் வீடு திரும்பலாம். அதைத் தாண்டினால் முடியாது. இதைத்தான் திரும்ப முடியாத புள்ளி என்கிறார்கள். கடலில் அங்கே கோடு எதுவும் போட்டிருக்காது. முன்னாலும் பின்னாலும் ஒரே நீலம்தான். கிளம்பும் முன் தாளில் எழுதி வைத்தவருக்குத்தான் அந்தப் புள்ளி இருக்கிறது.

ஏன் முன்பே எழுத வேண்டும்? பத்து மணி நேரம் தனியாகப் பறந்து களைத்த மனிதனை நம்ப முடியாது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், போய்த்தான் பார்ப்போமே" என்று மனசு சொல்லும். அதனால் தரையில் தெளிவாக இருக்கும்போதே, ஆகாயத்தில் இருக்கப்போகிற தனக்கு அவன் கட்டளை எழுதிக்கொள்கிறான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரையில் இருப்பவனுக்கும் ஆசை உண்டே! எதிர்க்காற்று 20 என்று எழுதினால் 16 மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம். 35 என்று எழுதினால் 18 மணி நேரம் போதாது, பயணமே இல்லை. வானிலை அறிக்கையோ வெறும் முன்கணிப்பு. எந்த எண்ணை எழுதுவது? பொறியியல் வேலை செய்கிறவர்களுக்கு இது பழக்கமான இடம். விடை முதலிலேயே முடிவாகிவிட்டால், அதற்குத் தோதான எண் எப்படியாவது கிடைத்துவிடும். அதில் யாரும் பொய் சொல்லியிருக்கக்கூட மாட்டார்கள்.

2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து மௌயி தீவுக்கு ஒரு சிர்ரஸ் விமானம் போய்க்கொண்டிருந்தது. கூடுதல் டேங்கில் இருந்த எரிபொருளை எஞ்சினுக்கு மாற்ற முடியவில்லை. விமானி அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குத் தகவல் சொன்னார். தீவுக்குச் சுமார் 250 மைல் இருக்கும்போது, விமானத்தோடு பொருத்தியிருந்த பாராசூட்டை விரித்துக் கடலில் இறங்கினார். வீண்டாம் என்ற உல்லாசக் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டது. பாராசூட்டும் முன்கூட்டியே கொடுத்த தகவலும் அவரைக் காப்பாற்றின. ஆனால் காவல்படை விமானம், கப்பல், அதன் பணியாளர்கள் என்று இத்தனை பேர் அந்த ஓர் உயிருக்காக வேலை செய்ய வேண்டியிருந்தது. கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது கப்பல் தலைவரின் கடமை என்று சர்வதேசச் சட்டமே சொல்கிறது. "என் இஷ்டம்" என்பவரின் சுதந்திரத்துக்குப் பின்னால் முகம் தெரியாத ஒருவரின் கடமை நிற்கிறது.

கப்பல் காத்திருந்தும் பயனில்லாமல் போனதும் உண்டு. அமெலியா ஏர்ஹார்ட் உலகைச் சுற்றிவரும் வழியில், 1937 ஜூனில் சிங்கப்பூரில் இறங்கினார். காலாங் விமான நிலையம் திறந்த அதே மாதம் அது. ஜூலை 2 அன்று, வழிகாட்டி ஃபிரெட் நூனனுடன் நியூ கினியின் லே நகரிலிருந்து ஹௌலாண்ட் தீவுக்குக் கிளம்பினார். தூரம் 4,000 கிலோமீட்டருக்கும் மேல்; தீவின் நீளமோ சுமார் இரண்டு கிலோமீட்டர். இட்டாஸ்கா கப்பல் அங்கே தயாராக நின்றது. கப்பலில் அவர் குரல் கேட்டது. இருவழித் தொடர்பு மட்டும் அமையவில்லை. அதன்பின் இரண்டு வாரத்துக்கும் மேல் போர்க்கப்பல்களும் விமானங்களும் தேடின. தேடப்போனவர்களும் அதே கடலுக்கு மேல்தான் பறந்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் காத்திருக்க ஆட்கள் இருந்திருப்பார்கள்.

அப்படியானால் யாரும் போகக்கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு மனசில்லை. யாரும் போகாமலிருந்தால் கடலுக்கு மேல் வழியே திறந்திருக்காது. ஒதுக்கி வைக்கும் எரிபொருள் தனக்காக மட்டும் என்று நினைப்பதில்தான் தவறு இருக்கிறது. தேடிவரப்போகும் அந்நியருக்கும் அதில் பங்கு உண்டு. அதனால் பயணத் தேதியையும் தூரத்தையும் பார்ப்பதற்கு முன்பே அந்த அளவை எழுதிவிட வேண்டும். எழுதிய பிறகு அதில் கை வைக்கக்கூடாது.

"காற்று இவ்வளவு இருந்தால் நான் போகமாட்டேன்" என்று தரையிலேயே ஓர் எண்ணை எழுதி, அதற்குக் கட்டுப்படுகிறவர் "என் உயிர், என் இஷ்டம்" என்று சொன்னால் எனக்கு மறுப்பில்லை. அப்படி ஓர் எண் இல்லாமல் கிளம்புகிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை.