அறிவதும் பொறுப்பதும்

நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைத்துவிடலாம் என்பது நம் காலத்தின் உறுதியான நம்பிக்கைகளில் ஒன்று. பல நோய்களில் அது உண்மையும்கூட. ஆனால் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் அந்த நம்பிக்கையைப் பழையதொரு தத்துவக் கேள்வியின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறது: தெரிந்துகொள்வது எப்போதுமே நல்லதா? ஐம்பதைத் தாண்டிய ஆணின் மாஸ்டர் ஹெல்த் செக்கப் தாளில், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் கீழே, பல இடங்களில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு வரி இருக்கும். எதிரே ஓர் எண், பக்கத்தில் ‘4-க்குள்’ என்று இயல்பு அளவு. எண் 5.2 என்றால் அது தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். அதனாலேயே புற்றுநோய் என்று ஆகிவிடாது. வயதால் சுரப்பி பெருத்தாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் அந்த எண் ஏறும். நான்குக்குக் கீழே உள்ளவர்களிலும் சிலருக்குப் புற்றுநோய் இருப்பதுண்டு. அரைகுறையாகப் பேசும் ஓர் எண்ணைக் கையில் வாங்கிக்கொண்ட மனிதன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

இந்த நோயின் இயல்பு விசித்திரமானது. வேறு காரணங்களால் இறந்த எழுபது வயதுக்காரர்களின் உடலைக் கூறாய்வு செய்து பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் சுரப்பியில் புற்றணுக்கள் இருக்கின்றன. வாழ்நாள் முழுக்க அவை அவர்களை ஒன்றும் செய்யவில்லை; இருப்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்தார்கள். அதே பெயர் கொண்ட இன்னொரு வகையோ எலும்புவரை பரவிக் கொல்கிறது. இரண்டுக்கும் நடுவே தேடிப்போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒரு விடை தருகிறது. 1,62,000-க்கும் அதிகமான ஆண்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகள் 2025-இல் வெளியாயின. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் இந்நோயால் இறந்தவர்கள் 1.4 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 1.6 சதவீதம். ஒரு மரணத்தைத் தடுக்க 456 பேரை அழைக்க வேண்டும். கூடுதலாக 12 பேர் புற்றுநோயாளி என்ற பெயரைச் சுமக்க வேண்டும். பலன் உண்டு, அதற்கு விலையும் உண்டு.

அந்தப் பன்னிரண்டு பேரில் காப்பாற்றப்பட்டவர் யார்? அதை யாராலும் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு நலமாக இருக்கும் ஒவ்வொருவரும் ‘அன்றைக்குப் பார்க்காமல் விட்டிருந்தால் போயிருப்பேன்’ என்றே நினைப்பார். தேவையே இல்லாமல் கத்தி பட்டவரும் அதையே சொல்வார். சிறுநீர் கசிவும் தாம்பத்தியக் குறைபாடும் உயிருக்குக் கொடுத்த விலை என்று மனதைத் தேற்றிக்கொள்வார். ஆக, பரிசோதனையால் பாதிக்கப்பட்டவரே அதன் உறுதியான சாட்சியாகவும் ஆகிவிடுகிறார். நடந்ததை மட்டுமே வாழ முடிகிற மனிதனுக்கு, நடக்காமல் போனதை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. எனவே இந்த விஷயத்தில் சொந்த அனுபவம், அது எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், ஆதாரம் ஆகாது.

மரணத்தை முன்கூட்டி அறிவது பற்றி நம் மரபு பரீட்சித்து மன்னனை வைத்து யோசித்திருக்கிறது. ஏழு நாளில் தட்சகன் என்ற பாம்பு அவனைத் தீண்டுவான் என்பது சாபம். மகாபாரதத்தில் அவன் ஒற்றைத் தூண் மாளிகை கட்டி, மருத்துவர்களையும் மந்திரம் அறிந்தவர்களையும் சுற்றி நிறுத்துகிறான். தட்சகன் பழத்துக்குள் புழுவாக வந்து சேர்கிறான். பாகவதத்திலோ எல்லாவற்றையும் துறந்து கங்கைக் கரையில் அமர்ந்து சுக முனிவரிடம் கதை கேட்கிறான். காவலும் துறவும் எதிரெதிரானவை. ஆனால் இரண்டுக்கும் நாள் குறித்த சாபமே அடிப்படை. பி.எஸ்.ஏ. எண்ணில் நாளும் இல்லை, நிச்சயமும் இல்லை. வருமா என்றே தெரியாத பாம்புக்காக உடலை அறுத்துக்கொள்வதும் பொருந்தாது, விதி என்று விட்டுவிடுவதும் பொருந்தாது. எஞ்சியிருப்பது மூன்றாவது வழி: அறிந்துகொண்டு, கவனித்தபடி, கைவைக்காமல் இருப்பது. மருத்துவமும் இன்று அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோய் கொண்ட 1,643 பேரை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 15 ஆண்டுகளுக்குப் பிறகு மூன்று பிரிவிலும் ஏறத்தாழ 97 சதவீதத்தினர் இந்நோயால் இறக்கவில்லை. கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் பரவியது ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் மறைக்கக் கூடாது. பொறுத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. அது தெரிந்தே ஏற்கும் ஆபத்து.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2025 மே மாதம் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு எலும்புக்குப் பரவிய, வீரியமான புராஸ்டேட் புற்றுநோய் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அவர் கடைசியாகப் பி.எஸ்.ஏ. பார்த்தது 2014-இல் என்று அவர் தரப்பு சொன்னது. தொடர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கலாம். சராசரிக் கணக்கில் அடங்கும் அந்த ஒருவர் யாருக்கோ அப்பா, யாருக்கோ கணவர் என்பதும் மெய்தான். ஆனால் தேவையற்ற சிகிச்சையால் முடங்கியவரும் யாருக்கோ அப்பாதான். தவறவிட்ட நோய் செய்தியாகிறது. தவறாகத் தந்த சிகிச்சை நன்றியாக மாறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் இழப்பை மட்டும் எடை போடுவது கருணையாகத் தோன்றலாம், நியாயம் ஆகாது. அதே நியாயம், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் வந்திருந்தால் தராசு பரிசோதனையின் பக்கம் சாய வேண்டும் என்றும் சொல்லும்.

பயந்த சுபாவம் உள்ளவரால் புற்றுநோய் என்று கேட்டபின் சும்மா இருக்க முடியாதே என்பார்கள். சரிதான், ஆகவே அவரிடம் அதை முன்பே கேட்க வேண்டும். 2012-இல் இப்பரிசோதனையே வேண்டாம் என்ற அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு, 2018-இல் 55 முதல் 69 வயது வரையிலானவர்கள் மருத்துவரோடு பேசித் தாமே முடிவெடுக்கட்டும் என்று மாற்றிக்கொண்டது. எண்களால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது, எது நல்வாழ்வு என்று அவரவர் கருதுவதும் இதில் சேர வேண்டும் என்பதை அறிவியல் ஒப்புக்கொண்ட இடம் அது. அந்த உரிமைக்கு அர்த்தம் வேண்டுமானால், எண் ஏறியிருந்தால் என்ன செய்வேன், காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பேனா என்ற பேச்சு ரத்தம் எடுப்பதற்கு முன் நடக்க வேண்டும். கேட்காமலே தொகுப்புக்குள் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது அந்தத் தேர்வை மனிதனிடமிருந்து பறிப்பதாகும்.