யார் சொல்லி நம்புவது?

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கோப்புகளைப் பகிர வைத்திருக்கும் நாஸ் பெட்டிக்கு ஆளைத் தெரியாது. கணினியின் முகவரிதான் தெரியும். எந்தக் கணினிக்கு எதைத் திறப்பது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஃபோல்டரின் பெயர், பக்கத்தில் கணினியின் ஐபி, அதை ஒட்டினாற்போல் அடைப்புக்குறிக்குள் அனுமதி. ஒட்டித்தான் எழுத வேண்டும். நடுவே ஓர் இடைவெளி விழுந்தால் அந்த அனுமதி ஊருக்கெல்லாம் போய்விடும். குறிப்பிட்ட கணினிக்கோ படிக்கும் உரிமை மட்டுமே மிஞ்சும்.

வேறு கணினிக்கு இடம் மாறி உட்கார்ந்து, ஃபைல் திறக்காமல் போன ஆய்வு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஃபைல் என்னோடது சார். நாற்காலி மாறினா நான் வேற ஆளா?"

புது ஐபியைச் சேர்த்துவிட்டேன், வேலை முடிந்தது. ஆனால் அது தத்துவக் கேள்வி. அவள் மாறவில்லை, அவளுக்காகச் சாட்சி சொல்லும் கணினி மாறிவிட்டது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் கொண்டுவந்த கோப்புப் பகிர்வு நெறிமுறையான என்எஃப்எஸ்ஸின் பழைய அடையாள முறை இன்றும் பரவலாக இருக்கிறது. அதில், பட்டியலில் உள்ள கணினி "கேட்பவர் எண் 1001" என்றால் சர்வர் அப்படியே ஏற்கும். பாஸ்வேர்டு கேட்காது. நம் தருக்க நூல்கள் இதை உரை அளவை, அதாவது பிறர் சொல்லால் அறியும் வழி, என்கின்றன. ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், சொன்னால் ஏற்கலாம். ஆனால் உண்மையை அறிந்தவனாகவும் அதை உள்ளபடி சொல்ல விரும்புபவனாகவும் இருந்தால்தான் அவன் ஆப்தன் என்று நியாயத் தருக்கவாதிகளான நையாயிகர்கள் நிபந்தனை போட்டார்கள். ஓர் ஐபி எண்ணைப் பார்த்து இந்த இரண்டில் எதை அறிய முடியும்? பட்டியலில் உள்ள லேப்டாப்பில் ரூட் எனும் முழு நிர்வாக உரிமை உள்ள எவரும் 1001 ஆகிவிடலாம்.

சர்வருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. "நானே ரூட்" என்று வருபவரின் எண் 0ஐ 65534 ஆக்கி, 'நோபடி' என்று பெயரிட்டுத்தான் உள்ளே விடும். தன் ஊரில் ராஜா, இங்கே யாரோ. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. வேலை சுலபமாகட்டும் என்று இதை நிறுத்திவைப்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

அப்படியானால் பிறர் சொல்லை நம்பவே கூடாதா? மணிமேகலைக் காப்பியத்தில், கண்ணால் காணும் காட்சி ஒன்றே அளவை என்ற பூதவாதியிடம், பெற்றோரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அதுபோலவே, காட்சியை மட்டும் நம்பும் சர்வர் யாருக்கும் ஒரு பைட்கூடத் தராது. கம்பி வழியே வருவதெல்லாம் யாரோ சொன்ன சொல்தானே!

கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறையை வைத்தால் தீராதா என்பார்கள். வைக்கத்தான் வேண்டும். அது ஆளையே சோதித்துச் சீட்டு தரும். கடிகாரங்கள் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் சீட்டு செல்லாது. ஆனாலும் சர்வர் அங்கே நம்புவது சீட்டு கொடுத்தவரின் சொல்லை. சாட்சி உறுதியானவர் ஆனார், அளவை அதேதான்.

ஆகவே, பட்டியலைப் பராமரிப்பவர்களே, சோம்பலில் மொத்த சப்நெட்டையும் எழுதிவைக்காதீர்கள். எந்தக் கணினியின் சொல்லுக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். பழைய கணினி ஏலத்துக்குப் போகும் அன்றே அதன் வரியை அழித்துவிடுங்கள்.