ஒட்டாத புள்ளிகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னதாக ஒரு நியூரல் நெட்வொர்க் எழுதினேன். ஆல்ஃபா துகள் ஓர் அணுவை நெருங்கினால் எந்தக் கோணத்தில் சிதறும் என்று அது சொல்ல வேண்டும். இயற்பியலையும் சேர்த்துப் புகட்டும் முறை இது. தரவிலிருந்து விலகினால் நெட்வொர்க்குக்கு ஒரு தண்டனை, இயக்கச் சமன்பாட்டை மீறினால் இன்னொரு தண்டனை. எதற்கு எவ்வளவு எடை என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும்.

விளையாட்டாக, தவறான இயற்பியலைக் கொடுத்துப் பார்த்தேன். நேர்மின்சுமை அணு முழுக்கப் பரவிக் கிடக்கிறது என்ற ஜே.ஜே. தாம்சனின் பழைய மாதிரி. எடையையும் ஏற்றிவிட்டேன். பின்னோக்கித் திரும்பிய சில துகள்கள் தரவில் இருந்தன. நெட்வொர்க் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. வழவழப்பான, அழகான வளைகோடு. எனக்கே நம்பத் தோன்றியது.

1909-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும் 20 வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் மின்னும் பொட்டுகளைக் கண்ணால் எண்ணினார்கள். பிளாட்டினத் தகட்டில் மோதியவற்றில் சுமார் 8000-க்கு ஒன்று திரும்பி வந்தது. அந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டுதான் 1911-ல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவுக்கு வந்து சேர்ந்தார்.

சரி, அப்ப விதியைத் தூக்கிப் போட்டுட்டு தரவை மட்டும் நம்பினா போதுமா? அதுவும் இல்லை. பீட்டா சிதைவில் ஆற்றல் காணாமல் போவதுபோலத் தெரிந்தபோது, ஆற்றல் அழியாமை விதியையே கைவிடலாமா என்று நீல்ஸ் போர் யோசித்தார். பவுலி விடவில்லை. யாரும் பார்த்திராத ஒரு துகள் அந்த ஆற்றலை எடுத்துச் செல்கிறது என்று 1930-ல் சொன்னார். நியூட்ரினோ சிக்க 1956 ஆனது.

சில வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் ஒரு புகார் வந்தது. எங்கள் செயலியில் இரண்டு முறை பணம் பிடித்துவிட்டதாக ஓர் அம்மா எழுதியிருந்தார். "நம்ம சிஸ்டத்துல அப்படி நடக்க சான்ஸே இல்ல" என்று சொல்லிப் புகாரை மூடினேன். அவர் மறுபடி எழுதினார். மறுபடி மூடினேன். மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது, தப்பு என் கோடில்தான்.

விதியை நம்பியதற்காக நான் வெட்கப்படவில்லை. பவுலியும் நம்பினார்தானே? ஆனால் காணாமல் போன ஆற்றலுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்காக ஒரு துகளையே கற்பனை செய்தார். ரூதர்ஃபோர்டு பழைய மாதிரியை விட்டார், பவுலி விதியைக் காப்பாற்றினார். இருவருமே ஒட்டாததை ஒதுக்கவில்லை. நான் ஒதுக்கினேன். அந்த அம்மாவின் பணம் எனக்கு வெறும் இரைச்சல்.

எவ்வளவு எடை என்ற கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. அன்று இரவு நிரலில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: வளைகோட்டைக் காட்டுவதற்கு முன், அதில் ஒட்டாத புள்ளிகளைத் தனியாக அச்சிடு.