உடன் வந்ததும் தேடிப் பெற்றதும்

செபராங் பிறைத் தோட்டத்துத் தந்தை ஒருவர், பல மாதச் சேமிப்பைக் கொண்டு ஜார்ஜ் டவுனில் தம் மகளுக்குப் புதிய கணினி வாங்குகின்றார் எனக் கொள்வோம். திறந்தவுடன் பல மென்பொருள்கள் அதில் காத்து நிற்கின்றன. வேறு சிலவற்றைச் செயலிக் கடையில் விலைக்குப் பெறல் வேண்டும். உடன் வந்தவை இலவசம் என்று நம்மவர் மகிழ்வர். காய்கறிக்காரர் தரும் கொசுறின் விலை காய்கறியிலேயே அடங்கியிருத்தலை நாம் அறியோமோ?

விலையினும் பெரிய வினா ஒன்றுண்டு. நாம் தேர்ந்தெடாததை நமது விருப்பம் எனலாகுமா? விண்டோஸுடன் மீடியா பிளேயரைப் பிணைத்து விற்றமை உள்ளிட்ட முறைகேடுகளுக்காக, 2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. அஃது இல்லாத பதிப்பையும் விற்கக் கட்டளையிட்டது. அப்பதிப்பும் அதே விலைக்கே வந்தது. வாங்கியோர் மிகச் சிலர். ஒரே விலைக்குக் குறைந்ததை யார் கொள்வர்? பின்னர் 2010இல், பன்னிரண்டு இணைய உலாவிகளைத் திரையில் வரிசையாகக் காட்டி, வேண்டியதைத் தெரிந்துகொள்ளச் செய்தனர். கண்முன் வைத்துக் கேட்பதே மெய்யான தேர்வாம்.

ஆயின், விலை கொடுத்துப் பெற்றதேனும் முற்றும் நமதோ? அன்று. நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. படித்த புத்தகத்தைப் போல் அதனைப் பிறர்க்கு விற்றல் பெரும்பாலும் இயலாது.

பாயான் லெப்பாஸில் இன்டெல் தொழிற்சாலை தோன்றிய 1972 முதல், கணினியின் உறுப்புகளைப் பினாங்குக் கைகள் இணைத்து வருகின்றன. இணைக்கும் கைகளுக்கு ஆராயும் அறிவு ஆகாதோ? இஃது எதற்கு, யார் வைத்தார், நம்மிடம் எதைப் பெறுகின்றது என்று அம்மகள் கேட்கட்டும், வேண்டாததை நீக்கட்டும். ஆராய்ந்து ஏற்பின், பிறர் வைத்ததும் நம் தேர்வே. ஆராயாது கொள்ளின், விலைக்கு வாங்கியதும் பிறர் தேர்வே.