ஓடாவியின் பெயர்

சின்னத் தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவில் ஒரு தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முட்டை வடிவம், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் சிறியது. 'பாஸ்டு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சின்ன வயதில் அந்தக் கேமரா பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய தப்பில்லை. ஜப்பானில் 1954இல் தொடங்கிய கேமரா ஆய்வு நிறுவனம் ஒன்று, ஏற்றுமதியாகும் கேமராக்களைச் சோதித்து ஒட்டிய முத்திரை அது. 'ஜப்பான் சரக்கு' என்றால் மட்டமான சரக்கு என்று உலகம் சிரித்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சிரிப்பை நிறுத்தவே அந்த ஸ்டிக்கர்.

கேமராவின் பெயர் பெட்ரி 7எஸ். யாஷிகா என்று சொன்னால் காரைக்காலில் பழைய ஸ்டூடியோக்காரர் எவரும் தலையாட்டுவார். பெட்ரி என்று சொன்னால், "அது என்ன தம்பி, பெட்டியா?" என்பார்கள். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி வளையம் இருக்கும். அதற்குள் இருப்பது செலினியம். வெளிச்சம் பட்டாலே மின்சாரம் உண்டாகி ஒளிமானியின் முள் நகரும், பேட்டரியே வேண்டாம். இதைச் செய்த கம்பெனி 1907இல் குரிபயாஷி என்ற பெயரில் டோக்கியோவில் தொடங்கியது. பெட்ரியையாவது சேகரிப்பாளர்களுக்குத் தெரியும். அதற்கும் கீழே பெயரே நிற்காத ஒரு கூட்டம் இருக்கிறது.

1950களின் தொடக்கத்தில் இரட்டை லென்ஸ் கேமராவுக்கு ஜப்பானில் பைத்தியம் பிடித்தது. லென்ஸை ஒருவரிடம் வாங்கி, ஷட்டரை இன்னொருவரிடம் வாங்கி, உடம்பை மூன்றாமவரிடம் வார்த்துக்கொண்டு, வீட்டு அறையில் உட்கார்ந்து திருகு முடுக்கி விற்றார்கள். இவர்களை 'நாலரைப் பாய்க் கம்பெனிகள்' என்று கேலியாகச் சொல்வார்கள். ஜப்பானில் அறையின் அளவைப் பாயால்தான் சொல்வது. நாலரைப் பாய் என்றால் சுமார் 80 சதுர அடி. எங்கள் தெருவில் வலை போட்டுவைக்கும் அறைகூட அதைவிடப் பெரிது. ஆங்கில எழுத்துகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பிராண்டாவது வந்துவிட்டது என்பார்கள். இன்னொரு பக்கம் லெய்காவைப் பார்த்துச் செய்தவர்கள்: நிக்கா, லியோடாக்ஸ், தனாக், ஹானர், மெல்கான். நிக்காவை 1958இல் யாஷிகா விழுங்கியது. அடுத்த வருடம் லியோடாக்ஸ் திவால். மற்றவையும் நிலைக்கவில்லை.

இவர்களை மறந்துபோனது அநியாயமா? அநியாயம் என்றால் யாருக்கு? செத்துப்போனவர்களுக்குப் பெயர் எதற்கு?

உடனே வருகிற பதில் ஒன்று உண்டு. நல்லது நின்றது, மட்டமானது போனது, இதில் அநியாயம் எங்கே? கேட்க நியாயமாக இருக்கும் இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. இன்றைய கேனான் 1933இல் டோக்கியோவின் ரொப்போங்கியில் ஒரு சின்ன அறைக்கூடமாகத்தான் தொடங்கியது. லெய்காவைப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர்கள்தான் அவர்களும். லென்ஸ் செய்ய வராது, அதற்குப் பின்னாளில் நிக்கான் ஆன கம்பெனியிடம் போய் நின்றார்கள். முதல் மாதிரிக்குக் கருணையின் போதிசத்துவர் பெயரில் குவானான் என்று பெயர் வைத்தார்கள். (நம் அவலோகிதர்தான். அவர் இருக்குமிடம் பொதிகை மலை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அது வேறு கதை.)

இதோடு ஆலப்புழையைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே கே. கருணாகரன் என்பவரின் அப்பா இசைக்கருவிகள் பழுது பார்ப்பவர். ஸ்டூடியோ கேமராவின் கிழிந்த துருத்தி ஒன்று பழுதுக்கு வந்தது. ஆர்மோனியத் துருத்தி தெரிந்த கைக்கு அது புதுசில்லை. துருத்தியில் தொடங்கியவர், மரச்சட்டமும் பித்தளைப் பூட்டுமாக முழுக் கேமராவையே 1940களில் செய்துவிட்டார். லென்ஸ் மட்டும் வெளிநாடு. பெயர் வாகீஸ்வரி, அதாவது சரஸ்வதி. இந்தியா முழுக்க ஸ்டூடியோக்களுக்குப் போனது. கையில் தூக்கும் ஃபிலிம் கேமராவும் கலரும் வந்தபின் நின்றுபோனது.

இரண்டு சின்னப் பட்டறைகள், இரண்டும் தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டவை. ஒன்று உலகம் முழுக்கக் கடை வைத்தது, மற்றதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. முதல், சந்தை, அரசாங்கம், காலம் என்று காரணம் சொல்லலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் 'நல்லது நின்றது' என்பது பிள்ளை வளர்ந்தபின் எழுதிய ஜாதகம். எதைச் சொன்னாலும் பலிக்கும்.

எனக்கு உண்மையிலேயே இடிக்கிற இடம் வேறு. இந்தச் சின்னக் கம்பெனிகளில் பலவும் தங்கள் பெயரைத் தாங்களே மறைத்துக்கொண்டவை. ஒரே பட்டறை, கடைக்கு ஒரு பெயர் ஒட்டி விற்கும். வாங்குபவன் ஏமாறட்டும் என்றே பெரிய பிராண்டின் சாயலில் பெயர் வைத்தவர்களும் உண்டு. 'ஹிட்' வகைப் பொடிக் கேமராக்களில் படம் 14 மில்லிமீட்டர் சதுரம்தான், அதில் முகம் விழுந்தால் அதிர்ஷ்டம். ஒளிந்துகொள்ள நினைத்தவனை நாம் தேடிப்பிடித்து மாலை போடுவது அவனுக்குச் செய்யும் மரியாதையா, நம் ஆசையா? பதில் தெரியாமல்தான் ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் காரைக்கால் டவுனில் ஸ்டூடியோவில் எடுத்தது. மரக் கேமரா, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தார்கள் என்று ஆயா சொல்லும். வாகீஸ்வரியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால்மேட்டில் தண்ணீர் வந்தபோது வீட்டோடு படமும் போனது. நாலு நாள் கழித்து வேலியோரம் சேற்றில் கிடைத்தது. தாத்தாவின் பாதி முகமும் ஆயாவின் கையும் மட்டும் மிச்சம்.

அந்தக் கேமராவை யார் செய்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"மிசினு யாரு செஞ்சா என்னடா? அவரு மொவம் பாதியாச்சும் இருக்குல்ல, அது போதாதா?"

இதற்கு நான் தயாராகவே இருந்தேன். 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபின், சேற்றிலிருந்து பொறுக்கிய லட்சக்கணக்கான படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தார்கள். தேடிவந்தவர்கள் தேடியது முகத்தைத்தான், கேமராவை அல்ல. ஆயா சொல்வதுதான் சரி என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

ஆனால் அதே ஆயா, தாத்தாவின் பழைய தோணியைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் சொல்வது ஓடாவியின் பெயரை. எந்த ஊர்க்காரர், எந்த மரம் கேட்டார், கூலி பேசியபோது எப்படிக் கோபித்துக்கொண்டு எழுந்துபோனார் என்று அத்தனையும் நினைவில் இருக்கிறது. முகம் பதிந்த கேமராவைச் செய்தவன் யாரென்று அக்கறை இல்லாதவளுக்கு, படகு கட்டியவனை ஐம்பது வருடமாக மறக்க முடியவில்லை. ஏனென்றால் புருஷனின் உயிர் அவன் அடித்த ஆணியில் மிதந்தது. அப்படியானால் நன்றி என்பது பெயர் தேடும் ஆர்வமில்லை. எதை நம்பி உயிரை வைத்தோம் என்ற கணக்கு.

அந்தக் கணக்கில் தாத்தாவின் முகம் வராதா? அந்தப் பாதி முகமும் ஒரு லென்ஸையும் துருத்தியையும் நம்பித்தானே இருக்கிறது? துருத்தியில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் வெளிச்சம் புகுந்து படமே வெளுத்திருக்கும். இருட்டை ஒழுகாமல் பிடித்துவைத்த கை ஒன்று உண்டு. அது தன் பெயரை மறைத்ததா, மறந்ததா என்பது அதன் பாடு. நான் வாங்கிக்கொண்டது வாங்கிக்கொண்டதுதான்.

1977இல் பெட்ரி திவாலானது. தொழிலாளர்கள் கலைந்துபோகவில்லை. சங்கமே பட்டறையை எடுத்து நடத்தியது. கம்பெனி வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் திவாலோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. முதலாளியும் போய், பெயருக்கு இருந்த மதிப்பும் போனபின், காலையில் எழுந்து வந்து திருகு முடுக்கியவர்கள் எதற்காக முடுக்கினார்கள்? சம்பளத்துக்காக என்றால் அதுவும் சரிதான். தாத்தாவின் ஓடாவியும் கூலிக்குத்தான் வந்தார், கோபித்துக்கொண்டது மரத்துக்காக.

சுனாமிக்குப் பிறகு கரையெல்லாம் ஃபைபர் போட் வந்து இறங்கியது. முகப்பில் கொடுத்த அமைப்பின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். மாமாவுக்குக் கிடைத்த போட்டிலும் இருந்தது. போன மாதம் ஆயாவிடம் கேட்டேன், இதை யார் செஞ்சாங்க என்று.

"பேருதான் எழுதியிருக்கே."

"அது குடுத்தவங்க பேரு ஆயா. செஞ்சவங்க?"

கொஞ்ச நேரம் போட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லாரில வந்துச்சுடா" என்றாள்.